பார்த்துக்கிறவங்களைப் பார்த்துக்க ஓர் ஆள் வேணும்!

ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் ஒரு ஃபைல் கொடுப்பார்கள். ஸ்கேன் இருக்கும், ரத்தப் பரிசோதனை ரிசல்ட் இருக்கும், காலை, மதியம், இரவு என்று மாத்திரைப் பட்டியல் இருக்கும், அடுத்து என்றைக்கு வரணும் என்ற தேதி இருக்கும். 'அப்பாவை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைங்க, இல்லைன்னா முதுகுல புண்ணு வந்துடும்' என்று நர்ஸ் வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவார். சரிதான். ஆனால், ராத்திரி 12 மணிக்கு, 2 மணிக்கு, 4 மணிக்கு எழுந்து திருப்பப்போவது யார்? காலை 9 மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார வேண்டிய ஆள்தான் அது என்றால், அவர் எப்போது தூங்குவார்? அந்த ஃபைலில் இதற்கென்று ஒரு பக்கம் கிடையாது.

அந்த 'ஆள்' யார் என்பதை நம் வீடுகளில் யாரும் கூடி உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. அது தானாக அமைந்துவிடும். கல்யாணம் ஆகாத மகள், வொர்க் ஃப்ரம் ஹோமில் இருக்கும் மகன், 'உன் சம்பளம் என்ன பெரிய சம்பளம்' என்று சொல்லி வேலையை விடவைக்கச் சுலபமாக இருக்கும் மருமகள். பக்கவாதமோ, டிமென்ஷியா என்கிற மறதி நோயோ, முற்றிய புற்றுநோயோ... நோயாளிக்கு ஒரு டாக்டர் இருப்பார். பார்த்துக்கொள்பவருக்கு? 'உனக்குத்தான் புண்ணியம்' என்று சொல்லிவிட்டு காபி குடித்துவிட்டுப் போகும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள்.

இவர்களுக்காகவே ஒரு வகை உதவி இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர், வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஒருவரோடு தனியாக உட்கார்ந்து, அவருடைய பிரச்னையைப் பேசி, வழி கண்டுபிடிக்க உதவுவது. கேட்பதற்கு 'இதுல என்ன இருக்கு, பேசினா சரியாயிடுமா?' என்றுதான் தோன்றும். எப்படி நடக்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் புரியும்.

பன்னிரண்டாவது படித்தவர் போதும்!

இதற்குப் பெரிய படிப்பு படித்த நிபுணர் வேண்டும், அது அமெரிக்காவில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். நமக்குப் பக்கத்தில் கோவாவிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். டாக்டர் அமித் டயஸும் அவருடைய குழுவினரும் டிமென்ஷியா நோயாளிகள் இருக்கும் 81 குடும்பங்களோடு நடத்திய ஆய்வு அது. முடிவுகள் 2008-ல் வெளியாயின. வீட்டுக்குப் போனவர்கள் டாக்டர்கள் இல்லை. பள்ளிப் படிப்பு முடித்த, கொங்கணி பேசத் தெரிந்த உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்குக் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறையாவது வீட்டுக்குப் போவார்கள், தேவைப்பட்டால் கூடுதலாகவும். பின்னால் ஒரு மனநல மருத்துவர் இருந்து வழிகாட்டினார்.

அவர்கள் செய்ததெல்லாம் எளிய விஷயங்கள்தான். இது என்ன நோய் என்று வீட்டுக்காரர்களுக்குப் புரியும் பாஷையில் சொல்வது, குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்யலாம் என்று யோசிப்பது, குடும்பத்தில் மற்றவர்களை எப்படி உதவிக்கு இழுக்கலாம் என்று பேசுவது, வாங்கக்கூடிய அரசு உதவி எது என்று சொல்வது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பார்த்துக்கொள்பவர்களின் மன உளைச்சல் குறைந்திருந்தது. நோய் குணமாகவில்லை. அது இந்த உதவியின் வேலையும் இல்லை. அதே நோயோடு, அதே வீட்டில், அந்த மனுஷிக்கு மூச்சுவிட முடிந்தது. அவ்வளவுதான். அது சின்ன விஷயமா?

நியூயார்க்கில் மேரி மிட்டல்மேன் என்ற ஆய்வாளர் பல வருடங்கள் நடத்திய திட்டம் இன்னொன்று. அல்சைமர் வந்த கணவரையோ மனைவியையோ பார்த்துக்கொள்ளும் 406 பேர் அதில் பங்கேற்றார்கள். உதவி பெற்றவர்களுக்குத் தனியாக இரண்டு அமர்வுகள், குடும்பத்தோடு சேர்ந்து நான்கு அமர்வுகள், அதற்குப் பிறகு தங்களைப் போன்றவர்களின் குழு. கூடவே, எப்போது வேண்டுமானாலும் போன் செய்யலாம் என்ற வசதி. இந்த உதவி கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை வருஷம் கூடுதலாக நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடிந்தது என்று 2006-ல் வெளியான முடிவு சொல்கிறது. அங்கே 'நர்ஸிங் ஹோமுக்கு அனுப்புவது' ஓர் அளவுகோல். நம் ஊரில் அனுப்பவே மாட்டோம், 'ஊர் என்ன சொல்லும்' என்று பயந்தே வைத்திருப்போம். அதனால், நமக்கு இந்த உதவி இன்னும் அதிகமாகத் தேவை என்பது என் கருத்து.

இதில் கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு: தனி அமர்வுகள் இரண்டு, குடும்ப அமர்வுகள் நான்கு. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் அறிவுரை கிடையாது

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். திருச்சி உறையூர். அம்மாவுக்கு 68 வயது, டிமென்ஷியா. மகளுக்கு 27, வீட்டிலிருந்தே ஐ.டி வேலை. அப்பாவுக்குச் சர்க்கரை, முட்டிவலி. அண்ணன் பெங்களூரில், மாசா மாசம் பணம் அனுப்புகிறார். வழிகாட்டியாக ஓர் அக்கா வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் அந்த அக்கா எதையும் சொல்லிக்கொடுக்க மாட்டார். "நேத்து காலையில எழுந்ததுலேருந்து ராத்திரி படுத்த வரைக்கும் ஒண்ணொண்ணா சொல்லும்மா" என்பார். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். இது சும்மா இல்லை. 'எல்லாமே கஷ்டமா இருக்கு' என்று சொல்லும்போது அதை யாராலும் தீர்க்க முடியாது. 'சாயங்காலம் அஞ்சுலேருந்து ஏழுதான் தாங்க முடியல' என்று வரும்போது அதைத் தொட முடியும்.

இந்த வீட்டில் அந்த அஞ்சு மணிதான் சிக்கல். அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு, பையை எடுத்துக்கொண்டு, 'நான் வீட்டுக்குப் போறேன்' என்று கேட்டைத் திறக்கப் போவார். அதே நேரம் மகளுக்கு ஆபீஸ் கால். "இதுதாம்மா நம்ம வீடு, உட்காரு" என்று மகள் சொல்வாள். அம்மா கத்துவார். மகளும் கத்துவாள். மியூட் போட மறந்தால் அந்தச் சத்தம் கிளையன்ட் வரைக்கும் போகும். அன்றைக்கு ராத்திரி, கத்தியதை நினைத்து மகள் அழுவாள்.

டிமென்ஷியா வந்தவர்களுக்குச் சாயங்காலத்தில் பதற்றம் கூடுவது பரவலாகக் காணப்படும் விஷயம். ஆனால், 'அது அப்படித்தான்' என்று அக்கா விட்டுவிட மாட்டார். ஒரு வாரத்துக்கு ஹோம்வொர்க் கொடுப்பார். போன் நோட்ஸில் மூன்றே விஷயம்: அது நடப்பதற்கு முன்னாடி என்ன நடந்தது, அம்மா என்ன செய்தார், அதற்கு நீ என்ன செய்தாய். லண்டனில் கில் லிவிங்ஸ்டன் குழுவினர் எட்டு அமர்வுகளாக நடத்திய ஒரு திட்டத்திலும் இந்த மாதிரிப் பயிற்சி உண்டு. அங்கேயும் அமர்வை நடத்தியவர்கள் சைக்காலஜி டிகிரி முடித்த இளைஞர்கள்தான், சீனியர் நிபுணர்கள் இல்லை.

ஒரு வாரம் கழித்து நோட்ஸைப் பார்த்தால் சில விஷயங்கள் தெரியவரும். அம்மா மதியம் மூன்று மணி நேரம் தூங்குகிறார். எழும்போது ஹால் இருட்டாக இருக்கிறது. டி.வி-யில் சீரியல், யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார்கள். முப்பது வருஷமாக அந்த நேரத்தில்தான் அம்மா ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகளுக்கு டிபன் செய்துகொண்டிருந்தார். கைக்கு இப்போது வேலை இல்லை. 'வீட்டுக்குப் போகணும்' என்பது ஒரு முகவரியாக இல்லாமல், அந்தப் பரபரப்பான சாயங்காலமாகவும் இருக்கலாம்.

அப்புறம் மாற்றங்கள். மதியத் தூக்கத்தை முக்கால் மணி நேரமாகக் குறைத்துப் பார்ப்பது. நாலரைக்கே லைட்டைப் போடுவது. டி.வி-யை நிறுத்துவது. முருங்கைக்கீரையோ, உதிரிப் பூவோ கையில் கொடுப்பது. 'இதுதான் நம்ம வீடு' என்று வாதாடாமல், "போலாம்மா, காபி குடிச்சிட்டுப் போலாம்" என்பது. முடிந்தால் தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்புவது. திரும்பி வந்து செருப்பைக் கழற்றினால், 'வீட்டுக்கு வந்தாச்சு' என்று அம்மா நிம்மதியாகவும்கூடும். ஆபீஸ் காலை அரை மணி நேரம் தள்ளிவைக்க முடியுமா என்று மேனேஜரிடம் கேட்பது. இத்தனையும் செய்தாலும் நின்றுவிடும் என்று உத்தரவாதம் கிடையாது. வாரத்தில் ஏழு நாள் நடந்தது மூன்று நாளாகக் குறைந்தால், அந்த வீட்டில் நாலு சாயங்காலம் மிச்சம்.

இதே மாற்றங்கள் பக்கத்து வீட்டில் வேலை செய்யாது. அங்கே வேறு அம்மா, வேறு அஞ்சு மணி. யூடியூபில் 'டிமென்ஷியா நோயாளியைச் சமாளிக்க 10 டிப்ஸ்' பார்த்துவிட்டு, 'நமக்கு மட்டும் ஏன் ஒண்ணும் வேலைக்கு ஆகல' என்று நொந்துபோவது அதனால்தான்.

ஒன்று மட்டும் எல்லா வீட்டுக்கும் பொது. நேற்றுவரை ஒரு மாதிரி இருந்தவர் ஒரே நாளில் தலைகீழாக மாறி, குழம்பி, பேசாமல் சுருண்டால் அதை 'நோய் முத்திடுச்சு' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் எங்கோ வலி, புது மாத்திரை, நீர்ச்சத்துக் குறைவு என்று காரணம் வேறாக இருக்கலாம். உடனே டாக்டர்தான்.

சொல்ல முடியாத வாக்கியம்

இதெல்லாம் தெரிந்த விஷயம்தானே, ஒரு குரூப் மீட்டிங்கில் சொல்லிக்கொடுத்தால் ஆகாதா? ஆகும். குழுவில் உட்கார்ந்தால் 'நமக்கு மட்டும் இல்ல' என்ற தெம்பு வரும், அதுவும் தேவை. ஆனால், சில வாக்கியங்கள் பத்துப் பேர் முன்னால் வராது.

'சீக்கிரம் முடிஞ்சா தேவலைன்னு தோணுது.'

பார்த்துக்கொள்ளும் ஒருவர் மனதில் இந்த நினைப்பு வருவது அபூர்வம் இல்லை. வந்த அடுத்த நொடியே குற்ற உணர்ச்சி வந்து கழுத்தைப் பிடிக்கும். 'பெத்த அம்மா சாகணும்னு நினைக்கிறேனே, நான் என்ன ஜென்மம்?' யாரிடமும் சொல்ல முடியாது. அப்பாவிடம் சொன்னால் உடைந்துபோவார். அண்ணனிடம் சொன்னால் சண்டை. ஃப்ரெண்டிடம் சொன்னால், 'ச்சே, அப்படியெல்லாம் சொல்லாதடி' என்று வாயை மூடிவிடுவாள்.

நல்ல வழிகாட்டி வாயை மூட மாட்டார். அதிர்ச்சியும் காட்ட மாட்டார். "எப்பெல்லாம் அப்படித் தோணுது?" என்று கேட்பார். தூங்காத இரவுக்கு மறுநாள் அந்த நினைப்பு அதிகமாக வருகிறது என்று பேச்சில் தெரியவந்தால், அங்கே தீர்க்க வேண்டியது தூக்கம். ஆள் கண்முன்னால் இருக்கும்போதே அவரை இழந்துகொண்டிருக்கும் துக்கமும் இதில் கலந்திருக்கும். அம்மா இருக்கிறார், ஆனால் 'சாப்பிட்டியா' என்று கேட்கும் அம்மா இல்லை. இந்தத் துக்கத்துக்கு நம் ஊரில் சடங்கு எதுவும் கிடையாது, துக்கம் விசாரிக்கவும் யாரும் வர மாட்டார்கள்.

இன்னொரு பேச முடியாத விஷயம், கை ஓங்கியது. டயப்பர் மாற்றும்போது எட்டி உதைத்த அப்பாவை ஓர் அடி வைத்துவிட்ட மகன், வேண்டுமென்றே மூன்று நாள் குளிக்க வைக்காமல் விட்ட மருமகள். இதை நியாயப்படுத்த முடியாது. ஆனால், 'ராட்சசி' என்று பட்டம் கட்டினால் அடுத்த முறை கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும், அவ்வளவுதான். நோயாளியைக் காப்பாற்ற வேண்டும் என்றாலும், முதலில் அந்தக் கதவுக்குள் ஒருவர் போயாக வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தன்னைப் படுத்திய மாமியாருக்கு இன்று மலம் துடைத்துவிடும் மருமகளிடம் போய், 'அன்போட செய்யணும்மா' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவளிடம் அன்பைக் கேட்க வேண்டாம். கோபம் தலைக்கேறினால், மாமியாரைப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் வெளியே வந்துவிடுவது என்ற ஒரு பழக்கத்தைக் கேட்கலாம். அது நடக்கும்.

தன்னையோ நோயாளியையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த அமர்வுவரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மனநல மருத்துவர், அல்லது கீழே சொல்லியிருக்கும் போன் நம்பர்.

சுமை எவ்வளவு என்று அளக்க, ஸ்டீவன் ஸாரிட் என்பவரின் பெயரால் வழங்கும் ஒரு கேள்விப் பட்டியலை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க், மொத்தம் 88. உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா, அவர் பக்கத்தில் இருக்கும்போது எரிச்சல் வருகிறதா, உடம்பு பாதிக்கிறதா என்ற ரீதியில் போகும். மார்க்கைவிட முக்கியம், அதை வைத்து நடக்கும் பேச்சு. நோயாளியைப் பற்றி இல்லாமல் தன்னைப் பற்றி ஒருவர் 22 கேள்வி கேட்கிறார் என்பதே பலருக்குப் புது அனுபவமாக இருக்கும்.

நான்கு அமர்வு ஏன் குடும்பத்துக்கு?

உறையூர் வீட்டுக்கே வருவோம். மகளின் கோபம் அம்மா மேல் இல்லை, பெரும்பாலும் அண்ணன் மேல். 'பணம் அனுப்பிட்டா முடிஞ்சுதா?' அண்ணனுக்கும் ஒரு கதை இருக்கும். 'எப்ப போன் பண்ணாலும் எரிஞ்சு விழறா, என்ன பண்றதுன்னே தெரியல.' இரண்டு பேரும் ஃபேமிலி குரூப்பில் குட்மார்னிங் ஃபார்வர்டு மட்டும் அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

இங்கேதான் அந்த நான்கு அமர்வு. வீடியோ காலில் அண்ணனையும் உட்கார வைத்து, அக்கா பேசவைப்பார். 'நீயும் கொஞ்சம் பார்த்துக்கோ' என்ற கோரிக்கைக்கு உலகத்தில் எந்த அண்ணனும் 'சரி சரி' என்றுதான் சொல்வார். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்காது. பெயர், நாள், வேலை என்று பிரித்தால்தான் நகரும். மாதத்தில் இரண்டாவது சனி, ஞாயிறு அண்ணன் திருச்சியில். அந்த இரண்டு நாளும் மகள் வீட்டிலேயே இருக்க வேண்டாம், தோழி வீட்டில் போய்ப் படுத்துத் தூங்கலாம். மருந்து ஆர்டர், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், இன்ஷூரன்ஸ் பேப்பர் எல்லாம் பெங்களூரிலிருந்தே போனில் செய்யக்கூடியவை, அது அண்ணன் பொறுப்பு. அப்பாவுக்கும் வேலை உண்டு. முட்டிவலி என்றாலும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆயலாமே. 'ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் தெரியாது' என்று நாமே விலக்கு கொடுத்து வைத்திருக்கிறோம்.

அண்ணன் முதல் தடவை வந்து இரண்டு ராத்திரி தூங்காமல் இருந்தால், அதன் பிறகு குரூப்பில் அவர் அனுப்பும் மெசேஜின் தொனியே மாறும்!

இங்கிலாந்தில் 2014-ல் வந்த பராமரிப்புச் சட்டம், வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கென்றே தனியாகத் தேவைகளை மதிப்பிடச் சொல்லி உள்ளாட்சி நிர்வாகத்திடம் கேட்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. நம்மிடம் 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அது பிள்ளைகளின் கடமையைச் சொல்கிறது, அது தேவைதான். ஆனால், அந்தக் கடமையைச் செய்துகொண்டே தேய்ந்துபோகும் பிள்ளைக்கு யார் கைகொடுப்பது என்ற கேள்வி பாக்கியிருக்கிறது.

இங்கே யாரிடம் போவது?

'பராமரிப்பாளர் வழிகாட்டி' என்று போர்டு மாட்டிய ஆள் நம் தெருவில் இருக்க மாட்டார். இருக்கும் இடங்களிலிருந்து ஒட்டுப்போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுக்கே வருபவர்களில் தொடங்கலாம். 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' என்றால் பி.பி, சுகர் மாத்திரை கொடுப்பது என்றுதான் பலருக்குத் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலிநிவாரண, ஆதரவு சிகிச்சைக்கான நர்ஸும், பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருவதும் அதே திட்டத்தில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அவர்கள் வரும்போது நோயாளியைக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டாம். 'கட்டில்லேருந்து சேர்ல உட்கார வைக்கும்போது என் இடுப்பு போகுது, எப்படித் தூக்கணும்னு என்னை வெச்சு செஞ்சு காட்டுங்க' என்று கேளுங்கள். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்பட்டை விலகும் ஆபத்து உண்டு. மூக்கு வழியாக டியூப்பில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்த்தியிருக்கணும், கொடுத்து முடித்ததும் உடனே படுக்க வைக்கக் கூடாது. இதையெல்லாம் யாராவது பக்கத்தில் நின்று ஒரு தடவை செய்து காட்டிவிட்டால், பயத்தில் பாதி போய்விடும்.

சென்னையில் இருப்பவர்களுக்குச் சில வசதிகள் கூடுதல். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, மனநோய் உள்ளவர்களின் குடும்பத்தோடும் சேர்ந்து வேலை செய்வதில் நீண்ட அனுபவம் கொண்டது. டிமென்ஷியாவுக்கான சேவையும் அங்கே உண்டு. கிண்டியில் 2024-ல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கு அப்பா, அம்மாவை அழைத்துப் போகலாம். மற்ற ஊர்களில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலேயே கேட்கலாம். 'நோயாளி வரலை, நான் எனக்காக வந்திருக்கேன்' என்று சொல்லி ஓ.பி சீட்டு போடுவதில் தப்பே இல்லை.

கேரளாவைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய ஆதரவு சிகிச்சை இயக்கம் ஊர் ஊராகப் பரவி, பக்கத்துத் தெருவில் இருக்கும் தன்னார்வலரே நர்ஸோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

இன்ஸ்டாவில் 'கேர் கோச்' என்று பேக்கேஜ் விற்பவர்களும் வந்துவிட்டார்கள். நல்லவர்களும் இருக்கலாம். பணம் கட்டும் முன், என்ன பயிற்சி எடுத்திருக்கிறார், சிக்கலான விஷயம் வந்தால் எந்த மருத்துவரிடம் கேட்பார் என்று விசாரியுங்கள். முதல் காலிலேயே உங்களைப் பற்றிக் கேட்காமல் தீர்வைச் சொல்கிறார் என்றால் யோசியுங்கள். மறதி நோயைக் குணமாக்கும் பொடி விற்றால், யோசிக்கவே வேண்டாம், பிளாக்.

இதைப் படிக்கும் உங்களுக்கு வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை, ஃப்ரெண்ட் ஒருத்திதான் இந்த நிலையில் இருக்கிறாள் என்றால், 'ஏதாவது வேணும்னா சொல்லு' என்று அனுப்பாதீர்கள். அவள் சொல்லவே மாட்டாள். 'வியாழக்கிழமை நாலுலேருந்து ஆறு நான் உங்க வீட்ல இருக்கேன், நீ வெளிய போயிட்டு வா' என்று அனுப்புங்கள். அவள் அம்மாவை வைத்து ஸ்டோரி போட்டு 'தியாகி' பட்டம் மட்டும் தயவுசெய்து வேண்டாம். பட்டம் கொடுத்துவிட்டால் அப்புறம் அவளால் 'முடியல' என்று சொல்ல முடியாது.

போனில் முதல் வாக்கியம்

நேரில் போக முடியாதவர்களுக்கு இப்போதைக்குச் சுலபமான வழி 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். கவுன்சலர் பேசுவார், தேவைப்பட்டால் மருத்துவரிடம் இணைப்பார்கள். முதியோர் சம்பந்தமான உதவி, சட்டம், அரசுத் திட்டம் பற்றிக் கேட்க 14567 என்ற எல்டர்லைன், காலை 8 முதல் இரவு 8 வரை.

நம்பர் தெரிந்தாலும் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றுதான் தடுமாறும். வழக்கப்படி 'எங்கப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து...' என்று ஆரம்பித்தால், பேச்சு முழுக்க அப்பாவைப் பற்றியே போய்விடும். இப்படி ஆரம்பித்துப் பாருங்கள்: "எங்கப்பாவை ரெண்டு வருஷமா நான்தான் பார்த்துக்கறேன். இது அப்பாவைப் பத்தின கால் இல்ல, என்னைப் பத்தினது. எனக்கு முடியல." அதற்கு மேல் அழுகை வந்தாலும் பரவாயில்லை, அந்தப் பக்கம் காத்திருப்பார்கள். ஒரே காலில் முடியவில்லை என்றால் திரும்பவும் கூப்பிடலாம்.

அப்பா தூங்குகிற நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும். மொட்டை மாடிக்கோ, பைக் நிற்கும் இடத்துக்கோ போய்விடுங்கள். பக்கத்து ரூமிலிருந்து பேசினால் குரலைத் தாழ்த்துவீர்கள், குரலைத் தாழ்த்தினால் 'எல்லாம் ஓகேதான்' என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிடுவீர்கள்.